அப்டேட் வந்தா எல்லாம் தொறந்துக்கும்

செல்போன் ரிப்பேர் தொழிலில் கைக்கு வேலை கால் பங்கு, வாய்க்கு வேலை முக்கால் பங்கு. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் யாருக்கும் இது தெரியும். நீங்கள் இருப்பது துணிக்கடையோ, மருந்துக்கடையோ, உரக்கடையோ, எதுவானாலும் சரி, "எப்ப வரும்?" என்ற கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொல்லியிருப்பீர்கள். என் அவஸ்தை உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் கடை. நான் திண்டிவனத்துக்காரன். காலையில் ரயிலில் வந்து சாயங்காலம் ரயிலில் திரும்புகிறவன். கவுன்டரும் சாஃப்ட்வேரும் என் பொறுப்பு. உள்ளே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து போர்டு வேலை பார்ப்பவர் சபீனா. கோட்டக்குப்பத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். அந்த ஒரு வார்த்தையைத்தான் வாடிக்கையாளர்கள் நம்புவார்கள்.

இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் கையில் இருக்கும் ஒரு கம்பெனி போனுக்குப் பெரிய அப்டேட் வரப்போகிறது என்று நாலைந்து மாதத்துக்கு முன்னால் பேச்சு கிளம்பியது. கம்பெனி சொன்னது ஒரே ஒரு வரி: விரைவில் வரும். மீதியை எல்லாம் ஊர் சொல்லிக்கொண்டது. பேட்டரி மூன்று நாள் நிற்கும் என்றார்கள். பழைய போன் எல்லாம் செத்துவிடும் என்றார்கள். நாம் பேசுவதை அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கப்புறம் எங்கள் கடையில் உடைந்த டிஸ்ப்ளேயோடு வந்தவர்கள்கூட டிஸ்ப்ளேயைப் பற்றிக் கேட்கவில்லை.

கோலங்களைக் காப்பாற்றியவர்

திருவாமாத்தூரிலிருந்து வரும் ஒரு டிபன் கடை அம்மா எங்களுக்குப் பழைய வாடிக்கை. அப்டேட் வந்தால் போட்டோ எல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் போனில் இருப்பது மார்கழி மாதம் முப்பது நாளும் வாசலில் போட்ட கோலங்கள், அதுவும் நாலு வருஷத்துக் கோலங்கள். போட்டோவை இன்னொரு போனுக்கு அனுப்பிவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. புருஷன் போனைக் கையில் எடுத்து, தன் போன் திரையில் ஒவ்வொரு கோலமாக வரவழைத்து, அதைப் போட்டோ பிடித்திருக்கிறார். கடை வியாபாரம் முடிந்து மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்து ஒரு வாரம் பிடித்தாராம். எல்லாக் கோலத்துக்கு மேலேயும் அவர் கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் போனும் அதே கம்பெனிதானேம்மா? அதுலயும் அப்டேட் வருமே?" என்றேன். கலங்குவார் என்று பார்த்தேன். அவர் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்.

"அது தெரியாதா எனக்கு? அதுக்குத்தான் அவரு போனை என் தங்கச்சி போன்ல எடுத்து வெச்சிக்கினு கீறேன்."

ஒரு பொத்தான்

இப்போது ஏழுமலை ஐயாவைச் சொல்ல வேண்டும். இந்த அப்டேட் கதையில் எனக்கு மனசு உறுத்தும் இடம் அவர்தான், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

மண்டகப்பட்டில் சொந்த நிலம் வைத்து நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மொட்டை வெயிலில் கடைக்குள் வந்து, போனைக் கவுன்டரில் பொத்தென்று வைத்தார். ஒரே மகள் சங்கீதா, ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தவள், கூட வேலை செய்த பையனை அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். இந்த நம்பரிலிருந்து இனி எனக்குப் போன் வரக் கூடாது, வராமல் பண்ணு என்றார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதானே நம் தொழில்? யோசிக்காமல் செய்தேன். பிளாக் என்ற இடத்தில் ஒரு அழுத்து, அவ்வளவுதான். காசுகூட வாங்கவில்லை, ஏதோ உபகாரம் செய்வதாக நினைப்பு. அவரே பெயரையும் அழிக்கச் சொன்னார், அதையும் அழித்தேன்.

போனை வாங்கிப் பையில் போட்டவர் படியிறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தார். அந்தப் பொண்ணு கூப்பிட்டா அதுக்கு என்ன கேக்கும் என்று கேட்டார். லைன் பிஸி என்று வரும் என்றேன்.

"பிஸின்னா சரி. அப்பா வேலையா கீறாருன்னு நெனச்சிக்கும்."

புரோக்கருக்கு வந்த நடுக்கம்

திண்டிவனம் ரோட்டில் மனை விற்கும் புரோக்கர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், நாளைக்கும் அவர் என் கவுன்டருக்கு வர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வேர்க்க விறுவிறுக்க வந்தார். புது அப்டேட் போட்டால் பிளாக் பண்ணி வைத்த நம்பர் எல்லாம் தானாகவே திறந்துகொள்ளும் என்று ஏதோ வீடியோவில் ஒருவன் சொன்னானாம். எத்தனை நம்பர் பிளாக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லை. பத்திரம் கேட்டவர், பாதை கேட்டவர், தண்ணீர் எங்கே என்று கேட்டவர், எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அப்படியெல்லாம் திறக்காது, நான் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அன்றைக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதற்காக ஏழுமலை ஐயாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புரோக்கர் புலம்பியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. புரோக்கர் என் பேச்சை நம்பவில்லை, சபீனாவைக் கூப்பிடு என்றார். சபீனா தலையைத் தூக்காமல் "திறக்காது" என்றார். அப்போதும் அவருக்கு ஆறவில்லை.

"நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க சார். இருநூறு பேரும் ஒரே நாள்ல கூப்ட்டா, நான் எந்தச் சாமியக் கூப்டறது?"

பயமா, ஆசையா

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை ஏழுமலை ஐயா வர ஆரம்பித்தார். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை போடும் நாளில் ஒரு எட்டு எங்கள் கடைக்கும். "வந்துட்சா தம்பி?" என்பார். இல்லை என்பேன். "வந்தா எல்லாம் தொறந்துக்கும்ன்றாங்களே, நெஜமா?" என்பார். புரோக்கரைப் போல இவருக்கும் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மகள் நம்பர் திறந்துகொண்டால் என்ன செய்வது என்று மனுஷன் தவிக்கிறார், நாம்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று, "கவலையே படாதீங்க ஐயா, எத்தினி அப்டேட் வந்தாலும் நான் போட்ட பிளாக் போவாது, கேரண்டி" என்று மார் தட்டினேன். சரிப்பா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மூன்று வாரம் இதே பல்லவி.

மூன்றாவது வாரம் அவர் படியிறங்கிய பிறகு சபீனா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். ஒரு வார்த்தைக்காரர் அன்றைக்கு மூன்று வாக்கியம் பேசினார்.

"செல்வம்ணா, அந்த ஐயா பயந்துக்கினு வரல, ஆசைப்பட்டுக்கினு வர்றாரு. தானா தொறந்துக்கிச்சின்னா அவரு தோத்த மாரி ஆவாதுல்ல? நீங்க கேரண்டி குடுக்கக் குடுக்க அவரு மூஞ்சி போன போக்க ஒரு தடவயாவது பாத்தீங்களா?"

கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது

நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. போனைப் பார்ப்பேன், ஆளைப் பார்க்கமாட்டேன். நம்மில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. அன்று ராத்திரி முழுக்க எனக்கு என் மேலேயே கோபம். அடைத்தது என் விரல். அது திறக்காது என்று வாராவாரம் கேரண்டி கொடுத்ததும் என் வாய்.

அடுத்த வாரம் அவர் வந்ததும் நேராகவே கேட்டேன். "ஐயா, அப்டேட்டு எதுக்கு? இப்பவே ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன், குடுங்க." நல்லதுதானே செய்கிறோம் என்று கையையும் நீட்டிவிட்டேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் இறக்கி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர் காது சிவந்துபோயிற்று. ஊரில் நாலு பேரை வைத்துக்கொண்டு, மகள் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். அதைத் தன் வாயால் மாற்றிச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நான் எடுக்கச் சொன்னனா? அப்டேட்டு வந்துட்சான்னுதான் கேட்டேன். வந்துட்சா, வர்லயா, அத்த மட்டும் சொல்லு."

திண்டிவனத்துச் சலூன்

அந்த வாரம் நானே ஒரு வதந்தி கிளப்பினேன். வேண்டுமென்று இல்லை. சனிக்கிழமை, கூட்டம், ஒரே ஆள் ஆறாவது தடவை எப்ப வரும் எப்ப வரும் என்று நச்சரித்தார். பேஜாராகிப்போய், "செவ்வாய்க்கிழமை காலைல வந்துடும், போங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாத தேதி. ஆள் நகர்ந்தால் போதும் என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள், இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் தெரு சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தேன். சலூன்காரர் துணியைக் கழுத்தில் கட்டும்போதே ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை காலை அப்டேட் வருகிறதாம், கம்பெனியிலிருந்தே தகவலாம். யார் சொன்னது என்றேன். விழுப்புரத்தில் பெரிய கடை ஒன்று இருக்கிறதாம், அங்கே நேரடியாகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்னானாம். அந்தக் கடை என் கடைதான், சொன்னவன் நான்தான், அது சும்மா சொன்னது என்று கண்ணாடியைப் பார்த்தே ஒப்புக்கொண்டேன். கத்தரிக்கோல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"உனுக்கு எங்க செல்வம் தெரியப்போவுது, நீ ரிப்பேருதான பாக்கற!"

அந்தச் செவ்வாய்க்கிழமை

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது ஏழுமலை ஐயா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. நிலத்தில் மல்லாட்டை பிடுங்க ஆள் விட்டிருக்கிறாராம். அதைப் பொண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

வரும் வரும் என்று மூன்று மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சபீனா தன் டப்பாவிலிருந்து பிரிஞ்சி கொடுத்தார், சாப்பிட்டார். அப்போதுதான் யாரையும் பார்க்காமல் சொன்னார். அவர் பொண்டாட்டி பக்கத்து வீட்டுப் போனில் மகளிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளாம். அது இவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கிறது. அப்படித்தான் பேரன் பிறந்ததும் தெரிந்ததாம். ஏழு மாதம் ஆகிறது. இவர் காதில் அந்தக் குழந்தையின் சத்தம் இன்னும் விழவில்லை.

நான் சும்மா சொன்ன ஒரு தேதி, அறுவடை நாளில் ஒரு மனுஷனை இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வரவைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கிளம்பும் முன்னால் இன்னொரு தரம் பார்த்துவிடு என்று போனைக் கொடுத்தார். அழுத்தினேன். உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது என்று வந்தது. அவர் அதை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எல்லாம் புதுசா கீதுன்னு போட்டுக்கீறான். எங்க கீது? எல்லாம் அப்டியேதான கீது."

வந்தேவிட்டது

கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வியாழக்கிழமை அப்டேட் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடை கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பேட்டரி மூன்று நாள் நிற்கவில்லை. பழைய போன் எதுவும் சாகவில்லை. கடிகாரம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான் வெளியே தெரிந்த வித்தியாசம். புரோக்கர் காலையிலேயே வந்து பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னார். இருநூறு பேரும் உள்ளேயே இருந்தார்கள். தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிபன் கடை அம்மா பத்து மணிக்கு வந்தார். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் ஜல்தியாகப் போட்டுக் கொடு என்று கட்டளை. இறங்கவே இருபது நிமிஷம் ஆகும், அதற்கப்புறம் அது தானாக அணைந்து எழும், நம் கையில் இல்லை என்றேன். கேட்கவில்லை. பத்து இருபத்தைந்துக்குப் பாதிக்கு மேல் தாண்டி நின்றது. பத்தரை அடித்தது. போன் அணைந்து கறுத்த திரையோடு கிடந்தது. இந்த அம்மா இப்போது என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்று நான் பின்வாங்கி நின்றேன். அவர் நிதானமாகப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

"ராகுகாலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டமில்ல, அது போதும். சாமிக்கும் நெட்டு ஸ்லோன்னு தெரியும்."

டெஸ்ட் கால்

ஏழுமலை ஐயாவின் போன் பழைய மாடல். அதற்கு வந்து சேர இன்னும் பத்து நாள் ஆயிற்று. இந்தத் தடவை சபீனாவே அவருக்குப் போன் போட்டுச் சொன்னார். அதே இஸ்திரிச் சட்டையில் வந்தார்.

போனை வாங்கி உள்ளே மேஜையில் வைத்து அப்டேட்டைப் போட்டேன். முக்கால் மணி நேரம். அவர் பெஞ்சில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம், ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தார். போன் அணைந்து எழுந்ததும் முதல் வேலையாகப் பிளாக் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு நம்பர். நான் அடைத்தது அடைத்தபடி அப்படியே இருந்தது. என் கேரண்டி பலித்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் கொடுத்த கேரண்டி பலித்ததற்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாடிக்கையாளர் சொல்லாத எதையும் அவர் போனில் தொடக் கூடாது. கடை திறந்த நாளிலிருந்து நானும் சபீனாவும் மீறாதது. சபீனாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, வாசல் பக்கம் முதுகைக் காட்டி, எனக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவர் சொன்ன பதில் அதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அழுத்திய அதே விரலால் அதே இடத்தில் இன்னொரு அழுத்து அழுத்தினேன். பட்டியல் காலியாயிற்று.

"ஐயா, அப்டேட்டு ஆயிடுச்சு. அதுல அந்த பிளாக்கும் போயிடுச்சிங்க. தானா தொறந்துக்கிச்சு" என்று போனை நீட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "நீ ஒண்ணும் பண்லியே?" என்றார். இல்லீங்க என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தும் அன்றைக்குக் கவுன்டரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். "நானும் ஒண்ணும் பண்ல" என்றார் அவர். "அதுவா போயிட்சி" என்று கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அப்புறம் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். கால் மணி, அரை மணி. அது அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? திறந்தது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒன்றரை வருஷம் பிஸி பிஸி என்று கேட்டவள் எப்போதோ விட்டிருப்பாள். இந்த ஒரு விஷயத்தை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. திறந்தால் போதும், மணி அடித்துவிடும் என்று ரெண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதை இந்தத் தடவை நான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து சபீனாதான் குரல் கொடுத்தார். "ஐயா, அப்டேட்டு போட்டா ஒரு டெஸ்ட் கால் போட்டுப் பாக்கணும். பாக்காம போனை வெளிய அனுப்ப மாட்டோம்." அது பொய் இல்லை. ரிப்பேர் முடிந்த எந்தப் போனையும் ஒரு கால் போட்டுப் பேசிப் பார்க்காமல் நாங்கள் கொடுப்பதில்லை. வழக்கமாக எங்கள் கடை நம்பருக்குத்தான் போடுவோம். எந்த நம்பருக்குப் போடுவது என்று ஐயா கேட்டார். "கடை நம்பருக்குப் போட்டா சரியா தெரியாது. ரொம்ப நாளா பேசாத நம்பர் எதுனா இருந்தா அதுக்குப் போடுங்க" என்றார் சபீனா. அடிப்படையே இல்லாத அந்த விளக்கத்தை நானும் பலமாகத் தலையாட்டி ஆமோதித்தேன்.

ஏழுமலை ஐயா கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பெயர் இல்லை, நான்தான் அழித்தேனே. அவர் யாரையும் கேட்கவில்லை, எந்தச் சீட்டையும் எடுக்கவில்லை. பத்து எண்ணையும் மனசிலிருந்தே ஒவ்வொன்றாக அழுத்தினார். ஸ்பீக்கரில் இருந்தது, அணைக்க அவருக்குத் தெரியவில்லை. மூன்று தடவை மணி போயிற்று. அந்தப் பக்கம் எடுத்தார்கள். எங்கோ பின்னால் ஒரு குழந்தை கீச்சென்று கத்தியது. கடையில் எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்று அவர் ஆரம்பித்தார். "போன்ல அப்டேட்டு போட்டாங்க. வேல செய்தான்னு டெஸ்டு பண்ணிக்கினு கீறேன். கேக்குதா?" அவ்வளவுக்கு மேல் எங்கள் முன்னால் பேச முடியாமல் எழுந்து வெளியே போனார். ரோட்டோரம் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து பேசினார். அடுத்த வாடிக்கையாளர் எப்ப வரும் என்று என்னிடம் ஏதோ கேட்டார், நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சபீனா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார், விளக்கு போடாமலேயே.

இருபது நிமிஷம் கழித்து உள்ளே வந்தவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தொழில் முறைப்படி கேட்டேன்.

"நல்லாத்தான் கேக்குது தம்பி. நாளிக்கும் இதே நேரத்துக்கு ஒரு தபா டெஸ்டு பண்ணிப் பாக்கச் சொல்லுச்சு."

இந்த அப்டேட்டில் புதிதாக என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று கம்பெனி போட்ட நீளமான பட்டியலை நான் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன்; விழுப்புரத்தில் ஒரு கவுன்டருக்குப் பின்னால் நின்று நாங்கள் ரெண்டு பேர் சேர்த்தது மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது.